வீட்டுப் பாடம் யாருக்குப் பரீட்சை?

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு "வீட்டுப் பாடம்" என்பதாக ஒன்று கொடுத்தனுப்பப்படுகின்றது. அது பிள்ளையின் புத்தியைப் பரீட்சிப்பதாகப் பேர். உண்மையில் அது பரீட்சிப்பது, தகப்பன் படித்தவனா, தாய் படித்தவளா, இல்லாவிட்டால் டியூஷனுக்குப் பணம் உண்டா என்பதைத்தானே ஒழிய வேறென்ன என்று கேட்கின்றோம்.

இங்கிலீஷை எடுத்துக் கொள்ளுவோம். தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை எந்த வார்த்தையையும் ஒருவாறு படித்துவிடும். இங்கிலீஷில் அப்படியில்லை. கத்திக்கு உள்ள வார்த்தை 'கே' என்ற எழுத்தில் தொடங்குகின்றது. வாயில் வருவதோ 'நைஃப்'. எவ்வளவு புத்திசாலிப் பிள்ளையானாலும் இதைத் தானாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா? ஒருவர் வாயால் சொல்லிக் காதால் கேட்டாக வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் இருக்கின்றது. நாற்று நட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டுகின்ற தாயின் பிள்ளைக்கு யார் இருக்கின்றார்கள்? 2011-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 100-க்குச் சுமார் 73 பேர்தான். அதிலும் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மறுநாள் காலையில் ஒரு பிள்ளைக்கு 'வெரிகுட்', மற்றப் பிள்ளைக்குத் திட்டு. அப்புறம், "அதற்குச் சரஸ்வதி கடாட்சமில்லை, தலையெழுத்து" என்று வியாக்கியானம்! பாட்டனுக்குப் படிப்பை மறுத்தவர்கள் யார் என்ற கேள்வியை மூடி மறைக்கத்தான் இந்தத் தலையெழுத்து உதவுகின்றது.

1953-ல் ஆச்சாரியார் சர்க்கார், கிராமத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 3 மணி நேரம் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் போட்டது. நாடு கொதித்தது, 1954-ல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். அன்று தகப்பன் தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டினார்கள். இன்று தகப்பனின் படிப்பின்மையைப் பிள்ளையின் மார்க்கில் கட்டுகின்றார்கள். இரண்டிற்கும் பேதமென்ன?

சமூக அறிவியல் பாடத்தின் யோக்கியதையைப் பாருங்கள். "கிராம சபையின் அதிகாரங்களை எழுதுக" என்பது கேள்வி. பிள்ளை நோட்ஸ் புஸ்தகத்தைப் பார்த்து எழுதுகின்றது. அதே ஊரில் மே 1-ந் தேதியும் ஆகஸ்டு 15-ந் தேதியும் கிராம சபை கூடுகின்றது. அங்கே யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்று போயிற்று என்று விசாரித்து எழுதச் சொன்னால் கைநாட்டுத் தாயும் பதில் சொல்லுவாள். அவளுக்குத் தெரிந்ததைக் கேளாமல் தெரியாததை மாத்திரம் கேட்பது படிப்பா, சூழ்ச்சியா?

"அப்படியானால் வீட்டுப் பாடமே கூடாதா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடாதென்று சென்னை ஹைக்கோர்ட்டே 2018-ல் சொல்லியாய் விட்டது. மேல் வகுப்புகளுக்குக் கொடுங்கள். ஆனால் உதவி செய்ய ஆளையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதே நாம் சொல்லுவது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்குப் பரிகாரமாக 2021-ல் சர்க்கார் "இல்லம் தேடிக் கல்வி" ஆரம்பித்து, 1 முதல் 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டர்களைக் கொண்டு மாலையில் அவரவர் தெருப்பக்கத்திலேயே பாடம் சொல்லித் தரச் செய்யவில்லையா? ஆகவே இது நடக்கக்கூடிய காரியமே.

தோழர்களே! உற்சவ வசூலுக்கு வீடு வீடாய் நடக்கின்ற வாலிபர்கள், தினம் ஒரு மணி நேரம் தெரு விளக்கடியில் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் என்ன குறைந்து போகும்? ஒன்றை மாத்திரம் ஞாபகத்தில் வையுங்கள். உதவி என்பது விடையை எழுதிக் கொடுப்பதல்ல. அது பிள்ளையின் கையைக் கட்டுவதாகும். வார்த்தையின் ஓசையைச் சொல்லிக் கொடுங்கள். வாக்கியத்தைப் பிள்ளையே எழுதட்டும். சரித்திரத்தைப் படித்துக் காட்டுங்கள், "ஏன்?" என்று பிள்ளையே கேட்கட்டும். "ஏன்?" என்று கேட்ட பிள்ளையை அதட்டாதீர்கள்.

இது நீங்கள் செய்யும் தர்மமல்ல. உங்களைப் படிக்க வைக்க ஊரார் கொடுத்த வரிப்பணத்துக்கு நீங்கள் திருப்ப வேண்டிய கடன். கடனைத் தீர்க்கப் போகின்றீர்களா, அல்லது அந்தப் பிள்ளையின் தலையெழுத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் போகின்றீர்களா?