மலைப்பாதையில் மடி போதுமா? கார் சைல்டு சீட் பற்றிச் சட்டமும் அறிவியலும் சொல்வது என்ன?

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டியதும் சாலை மலையில் ஏறத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் படகுத் துறை, மேகம் அருவி, பெரியார் அருவி என்று சுற்றிப் பார்க்க விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாகக் கார்கள் ஏறுகின்றன.

அந்தக் கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் வழக்கமான காட்சிதான். முன் சீட்டில் அம்மா மடியில் கைக்குழந்தை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் நின்றபடி நான்கு வயதுப் பிள்ளை. சன்ரூஃப் இருந்தால் அதன் வழியே தலையை நீட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளை.

கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மெதுவாத்தானே போறோம். நான் கெட்டியா பிடிச்சிருக்கேன்."

இந்த இரண்டு வாக்கியங்களும் எந்த அளவுக்கு உண்மை?

*'மெதுவாத்தானே போறோம்': வேகத்தின் கணக்கு*

மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் வேகம் என்பது மெதுவான வேகம்தான். ஆனால், அந்த வேகத்தில் வரும் கார் ஒரு பாறையிலோ எதிரே வரும் லாரியிலோ மோதினால், பெல்ட் போடாத ஒருவருக்கு அது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது, ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து கீழே விழுவதுபோல. சமவெளிக்கு இறங்கி 50 கிலோமீட்டரில் போனால் அந்த உயரம் கிட்டத்தட்ட 10 மீட்டர். மூன்று மாடி.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்க யாரும் துணிவதில்லை. காரின் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் சாதாரணமாகத் தெரிகிறது.

*'கெட்டியா பிடிச்சிருக்கேன்': கைகளின் கணக்கு*

30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, சுமார் 85 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். 75 கிலோ நெல் மூட்டையைவிட அதிகம். அதையும் கண் இமைக்கும் நேரத்தில், எதிர்பாராத நொடியில் தாங்க வேண்டும். எந்தத் தாயின் கைகளாலும் அது முடியாது. பாசத்தில் குறை இல்லை, இயற்பியல் அப்படி.

வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய முழு எடையும் குழந்தை மீது விழும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டால், பெல்ட்டுக்கும் பெரியவரின் உடலுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். முன் சீட்டில் இருந்தால் ஏர்பேக் வேறு. பெரியவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட அது, விரியும் வேகத்திலேயே குழந்தையின் தலையைத் தாக்கக்கூடும்.

குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையைப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் உயிரிழப்பு 71 சதவீதம் வரை குறையக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் 9,528 பேர். நாளொன்றுக்கு 26 பேர்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட அனுமதிப்பவரும் பொறுப்பு. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது: 'அல்லது'. பெல்ட் அல்லது சைல்டு சீட், இரண்டில் ஒன்று இருந்தால் சட்டத்துக்குப் போதும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டால் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம். ஆனால், அந்த பெல்ட் குழந்தையின் தோளில் நிற்காமல் கழுத்தில் ஏறும். இடுப்பெலும்பில் படாமல் வயிற்றில் அழுத்தும். விபத்தில் கழுத்துக்கும் குடலுக்கும் அதுவே காயத்தை உண்டாக்கும். ஆகவே, சட்டத்துக்குச் சரியாக இருப்பது குழந்தைக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கிடையே சந்தை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 'பாரத் என்கேப்' மோதல் சோதனையில் குழந்தைகள் பாதுகாப்புக்குத் தனியாக 49 புள்ளிகள். ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவிலான பொம்மைகளை சைல்டு சீட்டில் வைத்தே காரை மோதவிட்டுப் பார்க்கிறார்கள். கார் விளம்பரத்தில் வரும் '5 ஸ்டார்', குழந்தை சைல்டு சீட்டில் இருக்கிறது என்ற கணக்கில் கிடைத்தது. மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஸ்டார் பொருந்தாது.

*எந்தக் குழந்தைக்கு எந்த சீட்?*

வயதைவிட உயரமும் எடையும்தான் முக்கியம். பொதுவான வரிசை இது:

பின்னோக்கிய சீட்: பிறந்த நாள் முதல். குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்கும். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்து பலவீனமானது. முன்பக்கம் மோதும்போது தலை முன்னே வீசப்படாமல், சீட்டின் முதுகுப் பகுதி முழுவதும் அந்த விசையைத் தாங்கிக்கொள்ளும். ஐ.நா.வின் புதிய தரமான ஆர்129, குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்கிறது. சீட் தாங்கும் உயரம், எடை வரம்பு வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. "கால் மடங்குதே" என்று அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். குழந்தைக்கு அது சிரமமில்லை.

முன்னோக்கிய சீட்: பின்னோக்கிய சீட்டின் வரம்பைத் தாண்டிய பிறகு. இதில் சீட்டோடு இணைந்த பட்டைகள் குழந்தையைப் பிடித்திருக்கும்.

பூஸ்டர்: அதையும் தாண்டிய பிள்ளைகளுக்கு. காரின் பெல்ட் தோளிலும் இடுப்பிலும் சரியாக விழும்படி உயர்த்தி உட்கார வைக்கும்.

காரின் பெல்ட் மட்டும்: முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால் சீட் விளிம்பில் மடங்க வேண்டும், பெல்ட் தோளின் நடுவிலும் தொடை சேரும் இடத்திலும் படிய வேண்டும். பெரும்பாலும் 135 முதல் 150 சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகே இது அமையும்.

*எங்கே, எப்படி மாட்டுவது?*

இடம் பின் சீட்தான். ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் பின்னோக்கிய சைல்டு சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது.

மாட்டுவதில் இரண்டு வகை. ஐசோஃபிக்ஸ் உள்ள கார்களில், பின் சீட்டின் முதுகும் அடிமெத்தையும் சேரும் இடுக்கில் இரும்பு வளையங்கள் இருக்கும். சைல்டு சீட்டின் கொக்கிகளை அதில் 'கிளிக்' சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். பெரும்பாலான சீட்டுகளில் அடையாளக் குறி பச்சையாக மாறும். அதோடு வேலை முடியவில்லை. சீட் கவிழாமல் இருக்க மூன்றாவது பிடிமானம் வேண்டும்: மேல்பக்கம் இழுத்துக் கட்டும் 'டாப் டெதர்' பட்டை அல்லது தரையில் ஊன்றும் கால். பலர் மறப்பது இதைத்தான்.

ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய கார் என்றாலும் கவலை இல்லை. காரின் பெல்ட்டாலேயே மாட்டும் சீட்டுகள் உண்டு. பெல்ட் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது சீட்டிலேயே நிறத்தால் காட்டப்பட்டிருக்கும். பொதுவாகப் பின்னோக்கி மாட்ட நீலம், முன்னோக்கி மாட்ட சிவப்பு. முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு, பெல்ட்டின் தொய்வை முழுவதும் இழுத்துவிட வேண்டும்.

கடைசியில் ஒரு சோதனை. பெல்ட் அல்லது ஐசோஃபிக்ஸ் பிடித்திருக்கும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி மாட்ட வேண்டும். மலை ஏறுவதற்கு முன், சமவெளியிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

*குழந்தையை உட்கார வைக்கும்போது*

தோள் பட்டைகள் பின்னோக்கிய சீட்டில் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். முன்னோக்கிய சீட்டில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. முறுக்கு இருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு தோளருகே பட்டையை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால், இன்னும் தொய்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிமலைக் குளிருக்குத் தடிமனான ஸ்வெட்டர், ஜாக்கெட் போட்டு அதன் மேல் பட்டையை மாட்டுவது பெரிய தவறு. மோதலில் அந்தப் பஞ்சு நசுங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். மெல்லிய உடையில் பட்டையை மாட்டி, மேலே போர்வையைப் போர்த்துவதுதான் சரி. கீழே கள்ளக்குறிச்சி வெயிலில் நின்ற கார் என்றால், உட்கார வைக்கும் முன் பக்கிளைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். உலோகம் சுடும்.

பச்சிளங்குழந்தையின் தாடை மார்பில் முட்டாதபடி சீட் சாய்ந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக வரும் நீண்ட பயணத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காரை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும்.

*வாந்தி வந்தால்? அழுதால்?*

மலைப்பாதையில் சீட்டிலிருந்து குழந்தை மடிக்கு வருவதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு வரலாம். ஏறும் முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், செல்போனைக் கையில் கொடுக்க வேண்டாம், வெளியே தூரத்தைப் பார்க்கச் சொல்லலாம். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு மட்டுமே.

வாந்தியோ அழுகையோ, ஓடும் வண்டியில் பட்டையை அவிழ்க்கக் கூடாது. வளைவு இல்லாத, ஒதுங்க இடமுள்ள பகுதியில் நிறுத்தி, கவனித்து, மறுபடி மாட்டிய பிறகே கிளம்ப வேண்டும். சீட்டைப் பயணத்தன்று முதல்முறையாகக் காட்டினால் எந்தக் குழந்தையும் அழும். சில நாள்கள் முன்பே வீட்டில் வைத்து விளையாட விட்டால் பழகிவிடும். "புள்ளையக் கட்டிப் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்களே" என்று வருத்தப்படும் பாட்டிக்கு, அந்த மொட்டை மாடிக் கணக்கைச் சொல்லலாம்.

*வாங்கும்போது எதைப் பார்ப்பது?*

இந்தியத் தரமான ஏஐஎஸ்-072, ஐ.நா. தரங்களான ஆர்44 அல்லது ஆர்129 என்ற முத்திரை சீட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பக்கவாட்டு மோதல் சோதனையும் உள்ளது ஆர்129. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் துணிப் பட்டைகளுக்கும் மெத்தைகளுக்கும் இந்த முத்திரை இல்லையென்றால், அவை பாதுகாப்பு சீட் அல்ல. பழைய சீட் வாங்குவதானால், அது விபத்தில் சிக்கியதா, காலாவதித் தேதி என்ன என்று தெரியாமல் வாங்கக் கூடாது. வாங்கும் முன் உங்கள் காரிலேயே மாட்டிப் பார்ப்பது நல்லது.

*கார் இல்லாத குழந்தைகள்?*

கல்வராயன் மலையின் சொந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போவது காரில் அல்ல. பைக்கிலும் பேருந்திலும் கிடைக்கும் வண்டியிலும்தான். பைக்குக்கு ஒரு விதி இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பட்டை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சரக்கு வண்டியின் பின்னால் நின்றபடி போகும் குழந்தைக்கோ எந்தப் பட்டையும் இல்லை. அங்கே தேவைப்படுவது சீட் அல்ல, நேரத்துக்கு வரும் பேருந்தும் நல்ல சாலையும். கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுத்த வழக்கிலும் சாலை வசதி பேசப்பட்டது.

எந்த வண்டியில் போனாலும் மலையில் ஒரு விஷயம் பொது. பெரிய காயம் பட்டால், சிகிச்சைக்கு அதே வளைவுகளில் கள்ளக்குறிச்சி வரை இறங்க வேண்டும். நகரத்தில் சில நிமிடங்களில் கிடைக்கும் உதவி இங்கே அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அதனால், காயம் படாமல் தடுக்கும் அந்த ஒரு 'கிளிக்' சத்தத்துக்கு மலையில் மதிப்பு அதிகம். கார் வைத்திருப்பவர்களின் கையில் இருப்பது எளிய ஒரு விதிதான்: பக்கிள் மாட்டாம வண்டி நகராது. பத்து நிமிடப் பயணமானாலும் சரி.