பட்டியலில் விட்டுப்போன ஒரு பெயர்

மாநிலத்துக்கு மாநிலம் "நாம் அறிய வேண்டிய பெருமக்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அஸ்ஸாமுக்கு நான்கு பேர். 1671இல் சராய்காட்டில் முகலாயப் படையைப் பிரம்மபுத்திராவிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிய லச்சித் போர்பூகன், பாடகர் பூபேன் ஹசாரிகா, 2018இல் பின்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கிய ஹிமா தாஸ், டோக்கியோ ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கிய லவ்லினா. நால்வரும் தகுதி உள்ளவர்களே, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை என்னிடம் கொடுத்து "முதல் பெயரை நீ போடு" என்று சொன்னால், நான் போடுவது வாளும் மைக்கும் பதக்கமும் இல்லாத ஒருவர் பெயர். ஆனந்தராம் டேக்கியால் பூகன். அரசாங்க உத்தியோகஸ்தர், முப்பது வயது முடியும் முன்பே இறந்துபோனவர்.

குமாஸ்தா வேலை பார்த்தவன் உத்தியோகஸ்தனுக்குத்தான் ஓட்டுப் போடுவான் என்று நீங்கள் சிரிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரியுங்கள்.

1826இல் யாண்டபோ உடன்படிக்கை. பர்மாக்காரர்கள் விலகினார்கள், கம்பெனி உள்ளே வந்தது. 600 ஆண்டுக்கால ஆகோம் அரசு முடிந்தது. புதிய துரைமார்களுக்குக் கச்சேரி நடத்த எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். வங்காளத்தில் பழகிய குமாஸ்தாக்கள் தயாராக இருந்தார்கள், கூட்டி வந்தார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்த மொழி வங்காளம். துரைமார்களுக்கும் அதுவே பழக்கம். அஸ்ஸாமியம் தனி மொழியே அல்ல, வங்காளத்தின் கொச்சைதான் என்று ஒரு அபிப்பிராயமும் கூடவே வளர்ந்தது. 1836இல் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வங்காளமே மொழி என்று ஆகிவிட்டது. யாரும் அஸ்ஸாமியத்தைத் தடை செய்யவில்லை, வீட்டில் பேசிக்கொள்ளலாம். மனு எழுத முடியாது, அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" என்பதன் எடை எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் தமிழ். பழைய சொத்துப் பத்திரங்களெல்லாம் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் எழுதியவை. பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மனுஷர்கள் என் மேசைக்கு வருவார்கள். "அய்யா, நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவராமே, இதுல என்னா எழுதியிருக்குன்னு சொல்லுங்க." தாத்தா வாங்கிய வீடு, பேத்தி குடியிருக்கிற வீடு. அதன் நான்கு எல்லை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் ஒரு அந்நியன் எதிரே நிற்க வேண்டியிருந்தது. படித்துச் சொன்னதும் சிலர் கும்பிடுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கும்பிட வேண்டிய காரியமா அது? அஸ்ஸாமில் 1836க்குப் பிறகு வழக்குக்குப் போன ஒவ்வொரு குடியானவனும் இப்படித்தான் நின்றிருப்பான். அவன் எதிரே இருந்தவன் சரியாகத்தான் படித்துச் சொன்னான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இப்போது ஆனந்தராமுக்கு வருவோம். 1829இல் பிறந்தவர். பூகன் என்பது ஆகோம் ஆட்சியில் ஓர் உயர் பதவியின் பெயர், லச்சித்தின் பெயரோடு வருவதும் அதுதான். இவருடைய தகப்பனார் ஹலிராம் அஸ்ஸாமின் சரித்திரத்தை எழுதினார், அதை வங்காளத்தில் எழுதினார். மகன் பிறந்த அதே 1829இல் அது வெளிவந்தது. படித்தவர்களுக்கு அதுவே வழக்கமாக இருந்த காலம். தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்த பையன், 1841இல் கல்கத்தா இந்து கல்லூரிக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்து கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தார். இருபது வயதில் குழந்தைகளுக்காக அஸ்ஸாமியத்தில் ஒரு பாடப் புத்தகம் எழுதினார். பள்ளிக்கூடத்திலோ அந்த மொழிக்கே இடம் இல்லை. இருக்கும் என்று நம்பித்தானே எழுதியிருக்க வேண்டும்!

1853இல் மாஃபட் மில்ஸ் என்ற அதிகாரி அஸ்ஸாமின் நிர்வாகத்தைப் பார்த்து அறிக்கை தர வந்தார். அவரிடம் கொடுக்கப்பட்ட மனுக்களில் இரண்டு பேருடையவை சரித்திரத்தில் நின்றன. ஒருவர் மணிராம் திவான். காட்டில் தேயிலை இருக்கிறது என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னவர்களில் ஒருவர், பிறகு சொந்தமாகவே தேயிலைத் தோட்டம் போட்டவர். ஆகோம் அரச குடும்பத்துக்கு ஆட்சியைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். மனு எடுபடவில்லை. 1857 கலவரத்தில் தொடர்பு என்று குற்றம் சாட்டி, 1858 பிப்ரவரியில் ஜோர்ஹாட்டில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தேயிலைக்கு வழிகாட்டியதற்கு அவருக்குக் கிடைத்த கூலி அது.

மற்றொரு மனு ஆனந்தராமுடையது. அவர் அரசைத் திருப்பிக் கேட்கவில்லை. பள்ளியிலும் கச்சேரியிலும் அஸ்ஸாமிய மொழி வேண்டும் என்றார், அபினியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். அபினி கம்பெனிக்கு வருமானம் என்பதை நினைவில் வையுங்கள். சம்பளம் வாங்குகிறவன் சம்பளம் தருகிறவனின் வருமானத்தைப் பற்றி எழுத்தில் கேள்வி போடுவது எத்தனை பேரால் முடியும்? என் சர்வீஸில் கோப்பில் நேரான குறிப்பு எழுதியவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடுவேன். டீக்கடையில் வீரம் பேசியவர்கள் ஏராளம்.

மில்ஸ் தன் அறிக்கையில் வங்காளத்தைப் புகுத்தியது தவறு என்றே ஒத்துக்கொண்டார். அறிக்கை வந்தது, நடவடிக்கை வரவில்லை. அரசாங்கம் எந்த நூற்றாண்டிலும் அரசாங்கம்தான். ஆனந்தராம் விடவில்லை. 1855இல் அஸ்ஸாமிய மொழியைப் பற்றியும் தாய்மொழிக் கல்வியைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். சிவசாகரில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரிமார்களின் அச்சகத்தில் 100 பிரதி அச்சானது. ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் "சுதேசி ஒருவன்" என்ற பொருளில் மட்டும் இருந்தது. நூறே பிரதி! இன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையே ஐந்நூறு அடிக்கிறோம். அந்தச் சிறு நூலில் அவர் கோபப்படவில்லை, கணக்குக் காட்டினார். இரண்டு மொழியின் சொல்லும் இலக்கணமும் எங்கே வேறுபடுகின்றன, பழைய அஸ்ஸாமிய நூல்கள் எவையெவை என்று அடுக்கினார். அடுக்குவதற்கு அவரிடம் சரக்கு இருந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே மாதவ கந்தலி ராமாயணத்தை அஸ்ஸாமியத்தில் பாடிவிட்டார், துளசிதாசருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் சங்கரதேவர் பாட்டும் நாடகமும் எழுதி, ஊருக்கு ஊர் நாம்கர் என்ற பஜனை மண்டபங்களுக்கு வழி செய்தவர். இத்தனையும் வைத்திருக்கிற மொழியைக் கொச்சை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

பாதிரிமார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேதன் பிரவுனும் கூட்டாளிகளும் 1836இல், அதே பாழாய்ப்போன வருஷத்தில், அச்சு இயந்திரத்தோடு சதியாவுக்கு வந்தார்கள். 1846 ஜனவரியில் "அருணோதய்" என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார்கள், அஸ்ஸாமியத்தில். ஆனந்தராமும் அதில் எழுதினார். 1867இல் மைல்ஸ் பிரான்சன் சுமார் 14,000 சொற்களுடன் அகராதி போட்டார். மதம் பரப்பத்தான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஜனங்களின் மொழியில்தான் ஜனங்களிடம் பேச முடியும் என்ற எளிய உண்மை கச்சேரி துரைகளுக்கு எட்டாதபோது இவர்களுக்கு எட்டியது.

ஆனந்தராம் 1859 ஜூனில் இறந்துவிட்டார். வயது 29. மொழி திரும்பி வந்தது 1873இல்தான். முப்பத்தேழு வருஷம் என்பது ஒருவருடைய முழு சர்வீஸ். அவர் மகள் பத்மாவதி தேவி 1884இல் ஒரு நாவல் எழுதினார், அஸ்ஸாமிய மொழியின் முதல் நாவல்களில் ஒன்று. தாத்தா வங்காளத்தில் எழுதிய குடும்பத்தில் பேத்தி அஸ்ஸாமியத்தில் எழுதினாள்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு அல்போன்ஸ் தோதேயின் "கடைசி வகுப்பு" கதை பாடம். அல்சாஸை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு பள்ளியில் பிரெஞ்சை நிறுத்துகிற கதை, வகுப்பில் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவன் இல்லை. அந்தத் தொகுதி வெளியான வருஷமும் 1873தான் என்பது இதை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு விஷயத்தை எங்கள் வாத்தியார் சொல்லவில்லை. அந்த அல்சாஸ் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சே அல்ல, ஜெர்மன் வகையைச் சேர்ந்த ஒரு பேச்சு. எந்த மொழிக்காக அழுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும் போலிருக்கிறது.

பிறகு வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கோபிநாத் பர்தலை ஒருவரை மட்டும் தாண்ட முடியவில்லை. 1946இல் கேபினட் மிஷன் திட்டம் அஸ்ஸாமை வங்காளத்தோடு ஒரே தொகுப்பில் போட்டது. டெல்லியில் பெரிய தலைவர்களே தயங்கியபோது இவர் முடியாது என்று நின்றார், காந்தியும் அவர் பக்கம் நின்றார். இன்று வரைபடத்தில் அஸ்ஸாம் இருக்கும் இடத்தில் இருப்பதற்கு அவரும் காரணம். பாரத ரத்னா 1999இல் வந்தது, அவர் இறந்து 49 ஆண்டு கழித்து. பட்டியலில் அவரும் இல்லை. ஞானபீடம் வாங்கிய இந்திரா கோஸ்வாமியும் இல்லை. அவர் பெயரில் வரும் "ராய்சோம்" கர்நாடகத்துப் பொறியாளர் மாதவன் ராய்சோம் ஐயங்காரின் பெயர். கல்யாணமாகிப் பதினெட்டு மாதத்தில் காஷ்மீரில் விபத்தில் போய்விட்டார். அந்த அம்மாள் பிருந்தாவனம் போய், அங்கே கைவிடப்பட்ட விதவைகள் நடுவில் இருந்து எழுதியதை மொழிபெயர்ப்பிலாவது படியுங்கள்.

இத்தனை புகழ்ந்த பிறகு எனக்கு நெருடுவதையும் எழுதத்தான் வேண்டும். 1960 அக்டோபரில் அஸ்ஸாம் சட்டசபை அஸ்ஸாமியத்தை மாநில ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டது. தெற்கே பராக் பள்ளத்தாக்கில், கச்சார் பக்கம், பெரும்பாலோர் வங்காளம் பேசுகிறவர்கள். "எங்கள் கச்சேரி மொழி என்ன ஆகும்?" என்று அவர்கள் கேட்டார்கள். 1853இல் ஆனந்தராம் கேட்ட அதே கேள்வி, திசைதான் மாறியிருந்தது. 1961 மே 19 அன்று சில்சார் ரயில் நிலையத்தில் மறியல் செய்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 11 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பள்ளத்தாக்கில் வங்காளம் ஆட்சிமொழியாகத் தொடர வழி செய்தார்கள். தன் மொழியைப் பிடுங்கிக்கொண்டதன் வலி தெரிந்தவர்களே நூறு வருஷத்தில் அதை மறந்துவிட்டார்கள் என்பதை எப்படிச் சொன்னாலும் நியாயப்படுத்த முடியாது. வங்காளிகள் அன்று எங்களுக்குச் செய்யவில்லையா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 1836இல் உத்தரவு போட்டது கம்பெனி, சில்சாரில் மறியல் செய்தவர்கள் அல்ல.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பெண், கமலா பட்டாச்சார்யா. வயது 16. பிரிவினைக்குப் பிறகு சில்ஹெட்டிலிருந்து சில்சாருக்கு வந்த குடும்பம். அப்போதுதான் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அஸ்ஸாமின் பட்டியலில் ஆனந்தராமுக்கு அடுத்தபடியாக இந்தப் பெண்ணின் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் கட்சி. குவாஹாட்டியில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கல்கத்தாவில் வேறு காரணத்துக்காக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.