ஒரே முகம், இரு பெட்டிகள்

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று ஒரு தாயார் எழுதியது. மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கல்லூரியில் வணிகவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டு மகளுக்கு ஒரு சிறிய மடிக்கணினி வாங்கித் தரலாமென்று மூவருமாகக் கடைக்குச் சென்றிருக்கின்றனர். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாராம். ஒரே நிறுவனம், ஒரே நிறம், ஒரே அளவுத் திரை. ஒன்றில் 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும், மற்றதில் 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. சேமிப்பும். விலையில் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. "இரண்டும் பார்வைக்கு ஒன்றாகத்தானே இருக்கின்றன? குறைந்த விலையையே வாங்குவோம், மிச்சப் பணம் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும்" என்றிருக்கிறார் தகப்பனார். மகள் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும் வரையில் பேசவேயில்லை. எதையும் வாங்காமல் வந்துவிட்டனர். "யார் எண்ணுவது சரி? நீங்களே சொல்லுங்கள்" என்று முடிக்கிறார் அச்சகோதரி.

ஒரு வரியில் விடை எழுதிவிடலாம். ஆயினும் இதே கேள்வியை 2007, 2008-ஆம் ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் இலட்சக்கணக்கானோர் கடை வாசல்களில் நின்று கேட்டிருக்கின்றனர். அந்தக் கதையைச் சற்றே விரித்துச் சொன்னால் விடை தானே விளங்கும்.

அந்நாள் வரையில் சிறிய மடிக்கணினி என்பது செல்வர்களின் பொருளாயிருந்தது. அளவு சிறுக்கச் சிறுக்க விலை ஏறும். தைவான் நாட்டின் ஆசுஸ் நிறுவனம் 2007 ஜூன் மாதம் தைப்பே நகரில் நடந்த கணினிக் கண்காட்சியில் ஒரு சின்னஞ்சிறு கணினியை அறிவித்து இம்முறையைத் தலைகீழாக்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அது விற்பனைக்கு வந்தது. 7 அங்குலத் திரை; ஒரு கிலோவுக்கும் குறைவான எடை; சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுச் சேமிப்பு; விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். பெயர் 'ஈ பிசி'. கற்க எளிது, பணிசெய்ய எளிது, விளையாட எளிது என்னும் மூன்று ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்தாகிய 'ஈ' மூன்றைச் சேர்த்து வைத்த பெயராம். தமிழில் ஈ என்றால் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதன் அளவைப் பார்த்தால் அப்பொருளும் முற்றிலும் பொருந்தாமற் போகவில்லை!

இந்த முதற் கணினியே பல வகைகளில் வந்தது. அவற்றுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று 4 ஜி.பி. சேமிப்புள்ளது, அமெரிக்காவில் 399 டாலர். மற்றது 2 ஜி.பி. சேமிப்புள்ளது, 299 டாலர். இரண்டிலும் 512 எம்.பி. ரேம். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல. விலைச்சீட்டைப் படித்தவர், "2 ஜி.பி. குறைவு, அவ்வளவுதானே?" என்று எண்ணியிருப்பார். ஆனால் உள்ளே இருந்த பலகையே வேறு. 399 டாலர் பெட்டியில் ரேம் ஒரு குழியில் செருகப்பட்டிருந்தது. பிற்காலத்தில் தேவையானால் அதைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மலிவான பெட்டியிலோ ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. வாங்கிய நாளில் இருந்ததுதான் அதன் கடைசி நாள் வரையிலும். 100 டாலரைக் குறைத்தவர்கள் சேமிப்பை மட்டும் குறைக்கவில்லை. பின்னாளில் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தனர். இது விலைச்சீட்டில் இல்லை.

ரேம் என்பது என்ன, சேமிப்பு என்பது என்ன என்று நம் தாய்மார் சிலர் வினவலாம். சேமிப்பு என்பது பரண். பண்டம் பாத்திரமெல்லாம் கிடக்குமிடம். ரேம் என்பது அடுப்படி மேடை. எத்துணைப் பெரிய பரண் இருந்தாலும், மேடை ஒரு முழமே இருந்தால் காய் நறுக்கும்போது மாவு பிசைய இடமிராது. ஒன்றை எடுத்து வைத்துவிட்டே மற்றதைத் தொட வேண்டும். கணினி 'மெதுவாக ஓடுகிறது' என்று பிள்ளைகள் முறையிடுவது பெரும்பாலும் இந்த எடுத்துவைக்கும் வேலையைத்தான்.

அடுத்த ஆண்டு, 2008-இல், அதே நிறுவனம் 8.9 அங்குலத் திரையோடு 'ஈ பிசி 900' என்பதை வெளியிட்டது. இம்முறை வேடிக்கை இன்னும் பெரிது. அமெரிக்காவில் இரண்டு வகை, இரண்டும் 549 டாலரே. ஒன்றில் லினக்ஸ், 20 ஜி.பி. சேமிப்பு. மற்றதில் விண்டோஸ் எக்ஸ்பி, 12 ஜி.பி. சேமிப்பு. ரேம் இரண்டிலும் 1 ஜி.பி. விண்டோஸுக்கு உரிமக் கட்டணம் உண்டு, லினக்ஸுக்கு அது இல்லை. ஒரே விலையில் நிறுத்த வேண்டுமானால் ஒரு பக்கம் எதையேனும் குறைத்தாக வேண்டுமல்லவா? சேமிப்பில் 8 ஜி.பி. குறைந்தது.

கணக்குப் பிரியர்கள் "20 பெரிதா, 12 பெரிதா?" என்று கேட்டு லினக்ஸை எடுத்தனர். பழக்கப் பிரியர்கள் "நமக்குத் தெரிந்தது விண்டோஸ்" என்று மற்றதை எடுத்தனர். இரு சாராரும் பார்த்தது பெட்டியின் மேலட்டையை மட்டுமே என்பது நம் கருத்து.

உள்ளே நடந்தது வேறு. இரண்டு வகையிலும் சேமிப்பு ஒரே துண்டாயில்லை. விரைவான 4 ஜி.பி. ஒன்றும், மெதுவான பெரிய துண்டு ஒன்றுமாக இரண்டாயிருந்தது. விண்டோஸ் குடியேறியது அந்த 4 ஜி.பி. அறையில். எக்ஸ்பிக்கு மாதந்தோறும் வரும் திருத்தங்களும், அவ்வாண்டு வெளிவந்த பெரிய திருத்தத் தொகுப்பும், வேண்டிய மென்பொருள்களும் சேரச் சேர அவ்வறை நிரம்பிவிடும். அடுத்த அறை காலியாயிருந்தும் பயன் குறைவு. 12 ஜி.பி. என்று வாங்கியவர் 4 ஜி.பி.யில் நெருக்குண்டார்.

லினக்ஸ் பக்கமும் குறையற்றதன்று. திறந்தவுடன் இணையம், வேலை, கல்வி, விளையாட்டு என்று பெரிய பெரிய படங்களோடு தலைப்புகள் நிற்கும். எழுத, கணக்கிட ஓபன் ஆபீஸ் உள்ளேயே இருக்கும். சிறுவனும் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்வான். பழுதுற்றால், தொடங்கும் வேளையில் எப்9 விசையை அழுத்தி, ஆலையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே திருப்பிவிடலாம். இது பெரிய வசதிதான். மூலத் தொகுதியைத் தொடாமல் ஒரு புறம் பூட்டி வைத்து, நாம் செய்யும் மாற்றங்களையெல்லாம் அதன்மேல் ஒரு படலமாக எழுதியதால் இது இயன்றது. ஆனால் அதே காரணத்தால், உடன்வந்த ஒரு மென்பொருளை நீக்கினாலும் இடம் மீளாது. கண்ணுக்கு மறையும், அவ்வளவே. இவையன்றி, வீட்டிலிருக்கும் அச்சுப்பொறி லினக்ஸோடு ஒத்துப்போகுமா, இணைய இணைப்புக் கருவியோடு வந்த குறுந்தகடு விண்டோஸுக்கு மட்டுமா என்ற தொல்லைகள் வேறு.

இதன் விளைவு என்ன? 2008-இல் எம்.எஸ்.ஐ. என்னும் மற்றொரு தைவான் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், தங்கள் சிறு கணினிகளில் லினக்ஸ் வகை விண்டோஸ் வகையைப் போல் நான்கு மடங்கேனும் கடைக்குத் திரும்பி வருவதாகக் கூறினார். ஆசுஸ் நிறுவனமோ தங்களிடம் இரு வகையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் திரும்புகின்றன என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், திரும்பி வந்ததற்கு லினக்ஸின் தரம் மட்டுமே காரணம் என்று நமக்குத் தோன்றவில்லை. "இதில் விண்டோஸ் இல்லை" என்பதை அறியாமலே வாங்கியவர்கள்தாம் வீட்டில் திறந்து பார்த்துத் திகைத்திருப்பர். விற்கும்போது இரண்டு நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

காலம் தன் பங்கைச் செய்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்திற்று. அதற்கு முன்னரே, 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஈ பிசி வரிசையும் முடிந்துபோயிற்று.

நம் மாநிலத்திலும் இதன் எதிரொலி உண்டு. 2011-இல் தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவருக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஒரே கணினியில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வைக்கப்பட்டிருந்தன. தேர்ந்தெடுக்கும் தொல்லையை அரசே தீர்த்துவைத்தது எனலாம். காசு கொடுத்து வாங்குவோர்க்கு அந்தச் சலுகை இல்லை.

அறிவுரை கூறப் புகுந்த நாமும் தவறியிருக்கிறோம் என்பதை மறைப்பது முறையாகாது. நம் இல்லத்துப் பிள்ளைக்கென்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மடிக்கணினி வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா, பிழை நம்முடையது. இரு வகைகளுள் குறைந்த விலையதை எடுத்துக்கொண்டு, "பிறகு ரேமைக் கூட்டிக்கொள்ளலாம்" என்று வீட்டில் வீறாப்பாகச் சொன்னோம். இரண்டாம் ஆண்டில் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்றபோது அவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். குழியே இல்லை. எல்லாம் பற்றவைத்தது. வாங்கும்போது நாம் அதைக் கேட்கவுமில்லை. அதன் பின்பு அக்கணினியில் பாடத்தைத் திறந்துவிட்டு, அது எழுந்து வருவதற்குள் பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். தண்ணீர் குடிக்கப் போனவன் எப்போதும் திரும்பி வந்தானா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் பிடித்த தொகை எதற்குச் செலவாயிற்று என்பது இன்று நினைவிலும் இல்லை.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகளுள் பெரும்பாலானவை அந்த 299 டாலர் பெட்டியின் வழியில்தான் செய்யப்படுகின்றன. விலை மிகுந்தவையும் விலக்கல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மேக்புக் ஏர் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரு வகையாய் வந்தது; வாங்கிய பின் கூட்ட வழியில்லை. 2024 அக்டோபரில் அந்நிறுவனமே, விலையைக் கூட்டாமல், 16 ஜி.பி.யையே தொடக்க அளவாக்கிற்று. சிறியதை வாங்கி ஓராண்டுகூட ஆகாதவர்கள் அன்று பெருமூச்சு விட்டிருப்பர்.

இனி அச்சகோதரியின் கேள்விக்கு வருவோம். விண்டோஸ் 11 ஓடுவதற்கு 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் குறைந்த அளவு என்று மைக்ரோசாப்டே அறிவித்திருக்கிறது. கடைக்காரர் காட்டிய மலிவுப் பெட்டி அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது; ஒரு விரற்கடை மேலே இல்லை. குறைந்த அளவு என்றால் எழுந்து நிற்கும் என்று பொருள். நடக்கும் என்று பொருளன்று. உங்கள் மகள் மூன்றாண்டு படிக்கப் போகிறாள். எனவே 8 ஜி.பி. உள்ளதே தக்கது. இவ்விடயத்தில் மகளின் மௌனம் சரியானதையே சொல்லிற்று.

ஆனால் தகப்பனாரின் கவலையும் வெறும் கருமித்தனமன்று. விடுதிக் கட்டணத்தை நிறுத்திவிட்டோ, வட்டிக்கு வாங்கியோ இதைச் செய்ய வேண்டா. பணம் எட்டாவிடில், அலுவலகங்களில் பயன்பட்டுப் பின் பழுது நீக்கி விற்கப்படும் மடிக்கணினிகளை, எழுத்தில் உத்தரவாதம் தருகின்ற கடையில் பாருங்கள். அவற்றுள் பலவற்றில் ரேமை மாற்றும் குழி இன்னும் இருக்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கக்கூடியதாக, இன்டெல் சில்லாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவாக இருக்க வேண்டும். "இதுவும் ஓடும் சார்" என்ற வாய்ச்சொல் போதாது.

மலிவாயிருக்கிறதே என்று குரோம்புக்கைக் காட்டினாலும் இவளுக்கு வேண்டா. கட்டுரை எழுதும் மாணவிக்கு அது போதும். ஆனால் வணிகவியல் மாணவி நாளை டேலி பழக வேண்டியிருக்கும். டேலியோ விண்டோஸில் நிறுவி இயக்கும் மென்பொருள். யார் எதற்காகத் தொடப்போகிறார் என்பதை அறியாமல் நல்ல கணினி, தீய கணினி என்று சொல்ல நம்மால் இயலாது.

கடைக்குப் போகும்போது மூவருமே மீண்டும் போங்கள். ரேம் பற்றவைத்ததா, செருகியதா என்று மகளே கேட்கட்டும்; கடைக்காரர் சொல்லும் விடையை இரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவள் அக்கணினியில் பத்து வரி தட்டச்சு செய்து பார்க்கட்டும். சிறிய பெட்டிகளில் விசைகளும் சிறியவை; மூன்றாண்டு அவற்றின்மேல் இருக்கப்போவது அவளுடைய விரல்கள்.