கதையைச் சொல்பவர் யார்?

1950களின் தொடக்கம். நைஜீரியாவின் இபாதான் நகரிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அயர்லாந்தில் பிறந்த ஜாய்ஸ் கேரி என்னும் ஆங்கில எழுத்தாளர் 1939இல் வெளியிட்ட 'மிஸ்டர் ஜான்சன்' என்னும் புதினம் அங்குப் பாடமாக வைக்கப்பட்டிருந்தது. கதை நிகழும் இடம் நைஜீரியா. கதைத்தலைவன் ஒரு நைஜீரிய எழுத்தர். மேலைநாட்டுத் திறனாய்வாளர்கள் பாராட்டிய அந்நூலை நைஜீரிய மாணவர்கள் ஏற்க மறுத்தனர். தம் மண்ணைப் பற்றிய கதையில் தாம் அறிந்த மனிதர்களை அவர்களால் காண இயலவில்லை. அம்மாணவர்களுள் ஒருவர் சினுவா அச்சிபி. பின்னாளில் ஆப்பிரிக்க இலக்கியத்தின் பெருங்குரலாக விளங்கியவர் அவர்.

இலக்கியம் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடி என்பர். அக்கண்ணாடியை ஏந்தி நிற்கும் கை எவருடையது என்பதையும் நாம் கேட்க வேண்டும். இன வெறுப்பையும் முன்முடிவுகளையும் இலக்கியம் எவ்வாறு காட்டுகிறது என்னும் ஆய்வு, அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

ஜோசப் கான்ராட் எழுதிய 'இருளின் இதயம்' என்னும் குறும்புதினம் 1899இல் இதழில் தொடராக வெளிவந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையாகக் காங்கோ நாடு இருந்த காலம் அது. தந்தத்திற்காகவும் இரப்பருக்காகவும் அந்நாட்டு மக்கள் கொடுமையாக வேலை வாங்கப்பட்டனர். 1890இல் காங்கோ ஆற்றில் பயணம் செய்த கான்ராட், அங்கு நிகழ்ந்த கொள்ளையைத் தம் படைப்பில் கண்டித்தார். ஆயினும், அதில் ஆப்பிரிக்க மக்கள் எவ்வாறு வருகின்றனர்? அசையும் கைகால்களாகவும் கூச்சலாகவும் காட்டின் ஒரு பகுதியாகவும் வருகின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை. ஓரிரு இடங்களைத் தவிர அவர்கள் பேசுவதும் இல்லை.

1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அச்சிபி இதனைச் சுட்டிக்காட்டினார். கான்ராடை இனவெறியர் என்றே குறிப்பிட்டார். கான்ராட் தம் காலத்தின் குழந்தை என்றும், கொடுமையை எதிர்த்தவரை இவ்வாறு பழிப்பது முறையன்று என்றும் மறுத்துரைத்தோர் பலர். அம்மறுப்பிலும் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், கொடுமையை எதிர்ப்பது ஒன்று. கொடுமைக்கு உள்ளானவரை முழு மனிதராகக் காண்பது வேறொன்று. முதலாவதைச் செய்த படைப்பு இரண்டாவதைச் செய்யத் தவறலாம். இரக்கத்திற்குள்ளும் முன்முடிவு ஒளிந்திருக்க இயலும் என்பதே இவ்விவாதம் நமக்குத் தரும் பாடம்.

அச்சிபி குறை கூறுவதோடு நின்றுவிட்டவர் அல்லர். அவ்வுரைக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல், தம் முதற்புதினத்தை அவர் வெளியிட்டிருந்தார். 'சிதைவுகள்' என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ள அப்புதினம், இக்போ மக்களின் ஊர் ஒன்றை நம் கண்முன் நிறுத்துகிறது. சேனைக்கிழங்கை ஒத்த கிழங்கைப் பயிரிடும் வேளாண்மை, கோலாக்கொட்டை பகிர்ந்து விருந்தோம்பும் பண்பு, வழக்குத் தீர்க்கும் மன்றம், பேச்சுக்குச் சுவையூட்டும் பழமொழிகள் எனக் கட்டமைந்த ஒரு சமூகம் அதில் உயிர்பெறுகிறது. தம் மக்களின் குறைகளையும் அச்சிபி மறைக்கவில்லை. பிறந்த இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியும் வழக்கமும் மனைவியை அடிக்கும் தலைவனின் சினமும் அதில் இடம்பெறுகின்றன. வெறுப்புக்கு மறுமொழி வெறும் புகழ்ச்சியன்று; நிறையும் குறையும் உடைய மனிதரைக் காட்டுவதே தக்க மறுமொழி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அப்புதினத்தின் இறுதிக் காட்சி எண்ணத்தக்கது. கதைத்தலைவன் ஒக்கொங்குவோ இறந்துகிடக்கிறான். ஆங்கிலேய மாவட்ட அதிகாரி, தாம் எழுதவிருக்கும் நூலில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று எண்ணுகிறார். ஒரு முழுப்புதினமாக நாம் படித்து முடித்த வாழ்க்கை, ஆள்வோரின் ஏட்டில் ஒரு பத்தியாகச் சுருங்குகிறது. கதையைச் சொல்பவர் மாறினால் மனிதரின் அளவே மாறிவிடுகிறது.

முன்முடிவு பிறர் மனத்தில் மட்டும் தங்குவதன்று. பாதிக்கப்பட்டவரின் உள்ளத்திலும் அது குடிபுகும். 1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன், 1970இல் வெளியிட்ட தம் முதற்புதினத்தில் இதனைக் காட்டினார். அதில் வரும் பெக்கோலா என்னும் கறுப்பினச் சிறுமி, தனக்கு நீலநிறக் கண்கள் வேண்டும் என்று இறைவனிடம் வேண்டுகிறாள். அவை கிடைத்தால் எல்லாரும் தன்னை விரும்புவர் என நம்புகிறாள். சிவந்த நிறம் தேடும் மணமகள் விளம்பரங்களைப் படித்து வளரும் நமக்கு அச்சிறுமி அயலவள் அல்லள்.

இனி, முன்முடிவு கலந்த பழைய நூல்களை என்ன செய்வது? மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' புதினத்தில், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று இருநூறு முறைக்குமேல் வருகிறது. 2011இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, அச்சொல்லை நீக்கி 'அடிமை' என்னும் சொல்லை இட்டு அந்நூலை வெளியிட்டது. வகுப்பறையில் அச்சொல்லைக் கேட்டுக் கூனிக்குறுகும் மாணவரை எண்ணிச் செய்த மாற்றம் அது. அந்நோக்கத்தை எள்ளி நகையாடல் ஆகாது. காயப்பட்டவரின் வலியைவிட நூலின் தூய்மை பெரிதன்று.

ஆயினும், சொல்லை அழிப்பதால் வரலாறு அழிவதில்லை. தப்பியோடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்காமல் காப்பது பாவம் என்றே சிறுவன் ஹக் நம்புகிறான். ஊரார் அவனுக்குக் கற்பித்தது அதுவே. அப்பாவத்தை ஏற்கத் துணிந்து அவன் நண்பனைக் காக்கிறான். அவன் வாழ்ந்த சமூகத்தின் மொழி எத்துணைக் கொடியது என்பதை அறிந்தாலன்றி, அவன் துணிவின் அளவு நமக்கு விளங்காது. ஆகவே, இத்தகைய நூல்களை எரிக்கவும் வேண்டா, திருத்தவும் வேண்டா. உரிய விளக்கத்தோடும், இழிவுக்கு உள்ளானோர் எழுதிய நூல்களோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். கான்ராடைப் படிப்போர் அச்சிபியையும் படித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

அத்தகைய படிப்பு தொலைதேசத்து நூல்களோடு முடிந்துவிடுவதன்று. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் யாருடைய நிறம் நகைச்சுவையாகிறது? யாருடைய பேச்சுவழக்கு கேலிக்கு உள்ளாகிறது? வீட்டு வேலை செய்பவரும் பிழைப்புக்காக வேற்று மாநிலத்திலிருந்து வந்தவரும் பெயரோடு வருகின்றனரா, கூட்டத்தில் ஒருவராகக் கடந்துபோகின்றனரா? அடுத்த முறை ஒரு கதையைப் படித்து முடித்ததும், அதில் பேசாமல் நின்ற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வாய் திறந்தால் அக்கதையை எவ்வாறு சொல்வார் என்று எழுதிப் பாருங்கள். இபாதான் வகுப்பறையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் செய்ததும் அதுவே.