பூட்டிய அறை வேண்டியதில்லை

மகன் கொக்கேன் பயன்படுத்துகிறான் என்பது ஒரு வீட்டுக்குத் தெரியவரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். சம்பளம் வந்த வாரமே வங்கிக் கணக்கு துடைத்தாற்போல் கிடக்கிறது. நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இரண்டு நாள் கண் மூடாமல் இருந்தவன் மூன்றாம் நாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழுவதில்லை. தெரிந்த மறுநிமிடம் வீட்டார் முன்னால் இரண்டு வழிகள் வந்து நிற்கின்றன. சாமி படத்துக்கு முன் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது ஒன்று. வெளியே விடாத ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் சேர்த்துவிடுவது மற்றொன்று. சத்தியம் அடுத்த சம்பள நாள்வரைகூடத் தாங்குவதில்லை. சேர்ப்பதென்றால் வேலை போகும், பெயர் போகும், கல்யாணப் பேச்சு நிற்கும் என்று கையைப் பிசைகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, வீட்டிலிருந்தபடியே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்வரும் புறநோயாளி சிகிச்சை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை அரைகுறை வைத்தியம் என்று ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்கக் கூடாது. கொக்கேனுக்கு அடிமையானவர்களில் பெரும்பாலோர் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். யாருக்கு அது பொருந்தாது என்பதும் ஓரளவு தெளிவாகவே தெரியும்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் கொக்கேன் பயன்படுத்துவோர் 0.10 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர் என்றது அது. மதுவோடும் கஞ்சாவோடும் ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி மனதை உறுத்துகிறது: சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் எப்போதாவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் இருபதில் ஒருவர்தான். 2025 ஜூனில் சென்னையில் கொக்கேன் வழக்கில் திரைப்பட நடிகர்கள் கைதானபோது, யார் விற்றார், யார் வாங்கினார் என்றே நாள்கணக்கில் பேசினோம். வாங்கியவர் மீள வேண்டுமானால் எங்கே போக வேண்டும் என்பது அந்தப் பேச்சில் அநேகமாக இடம்பெறவேயில்லை.

சேர்த்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை நமக்குக் குடிநோயிலிருந்து வந்தது. பல ஆண்டுகளாக நாள் முழுக்கக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். அங்கே கட்டிலும் செவிலியரும் மருந்தும் தேவை. கொக்கேன் அப்படியல்ல. நிறுத்தியதும் முதல் சில நாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் கிடக்கும். அகோரப் பசி, தீராத தூக்கம், எதிலும் பிடிப்பில்லாத கசப்பு. பிறகு வாரக்கணக்கில் மந்தமான மனநிலை. துன்பம்தான், ஆனால் உடலளவில் இந்த விலகல் உயிரைப் பறிப்பது அரிது. ஹெராயினுக்கு மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் இருப்பதுபோல் கொக்கேன் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆக, உள்ளே சேர்த்தாலும் அங்கே கொடுப்பதற்கென்று தனி மருந்து கிடையாது. கிடைப்பது இரண்டு: பொருள் கைக்கு எட்டாத தூரம், பேச்சுவழிச் சிகிச்சை. இரண்டாவதை வெளியிலிருந்தே பெறலாம். முதலாவதன் பலன், வாசலைத் தாண்டும் நாளோடு முடிந்துபோகிறது.

வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த நோயின் இயல்பே இருக்கிறது. கொக்கேன் ஏக்கம் உடம்பு கேட்டு வருவதைவிடச் சூழல் எழுப்பி வருவதே அதிகம். வெள்ளிக்கிழமை மாலை, கையில் சம்பளம், போனில் ஒரு பெயர், ஒரு குறிப்பிட்ட மதுக்கூடத்தின் கழிப்பறைக் கதவு: இவற்றில் ஒன்று போதும், மூன்று மாதம் சும்மா இருந்த மூளை விழித்துக்கொள்ள. பூட்டிய அறையில் இவை எதுவும் எதிரே வருவதில்லை. எனவே அங்கே ஏக்கம் அடங்கியதுபோல் தோன்றும். வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறவர் அதே வெள்ளிக்கிழமையை முதன்முறையாகத் தனியே சந்திக்கிறார். புறநோயாளியோ அந்த வெள்ளியை முதல் வாரமே சந்திக்கிறார். சறுக்கினால் திங்கள்கிழமை காலை அதைப் பற்றிப் பேச ஆலோசகர் இருக்கிறார்.

இது வெறும் ஊகம் அல்ல. பிலடெல்பியாவில் போதைமீட்புக்கு வந்த முன்னாள் படைவீரர்கள் 111 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 1994இல் வெளியானது. எல்லாரும் கொக்கேனுக்கு அடிமையானவர்கள், பெரும்பாலும் ஏழைகள். ஒரு பிரிவினர் ஒரு மாதம் மருத்துவமனையில் தங்கினர். மற்றவர்கள் வாரம் 27 மணி நேரம் பகலில் வந்துபோயினர். தங்கியவர்களில் 89 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்தார்கள். வந்துபோனவர்களில் முடித்தவர் 54 சதவீதமே. இந்த இடத்தில் எதிர்ப்பாளர் சொல்வார்: பார்த்தீர்களா, பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். உண்மைதான். கதவு திறந்திருந்தால் சிலர் போய்விடுவார்கள். ஆனால் மாதங்கள் கழித்து இரு பிரிவினரின் நிலையையும் ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தென்படவில்லை. செலவோ, தங்கிப் பெறும் சிகிச்சையில் 40 முதல் 60 சதவீதம் மட்டும். முடித்தவர் எண்ணிக்கையை வைத்தே ஒரு சிகிச்சையை மதிப்பிட்டால் பூட்டுக்குத்தான் முதல் மதிப்பெண். வீட்டாருக்கு வேண்டியது அடுத்த ஆண்டின் மனிதர்.

ஆனால் புறநோயாளி சிகிச்சை என்ற பெயரில் மாதம் ஒருமுறை போய்ப் பத்து நிமிடம் பேசி, தூக்க மாத்திரைச் சீட்டோடு திரும்பினால் மேற்சொன்ன எதுவும் நடக்காது. எது வேலை செய்தது என்று துல்லியமாகப் பார்க்க வேண்டும். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் தலைமையிலான குழு 1990களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் இதில் வழிகாட்டி. வாரம் மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. கொக்கேனின் எச்சம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள் தங்கும் என்பதால், இந்த இடைவெளியில் ஒரு முறை பயன்படுத்தினாலும் பெரும்பாலும் அகப்படும். முதல் பரிசோதனை சுத்தமாக இருந்தால் 2.50 டாலர் மதிப்புள்ள சீட்டு. அடுத்தடுத்துச் சுத்தமாக இருக்க இருக்க ஒவ்வொரு முறையும் 1.25 டாலர் கூடும். தொடர்ந்து மூன்று சுத்தமானால் 10 டாலர் கூடுதல். ஒருமுறை தவறினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. பணமாகத் தருவதில்லை, மீன்பிடி உரிமம், பனிச்சறுக்குக் கட்டணம் என்று போதையில்லா மாலைகளை நிரப்பும் பொருட்களை ஊழியர்களே வாங்கித் தந்தார்கள். கூடவே மனைவியோ நண்பரோ பங்கேற்கும் ஆலோசனையும், வேலை தேட உதவியும் உண்டு. 1993இல் வெளியான ஒப்பீட்டில், 24 வாரமும் நிலைத்தவர்கள் இந்தப் பிரிவில் 58 சதவீதம். வழக்கமான ஆலோசனை பெற்ற பிரிவில் 11 சதவீதம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 38 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் அதற்குப் பின் வந்தவை ஏராளம். 157 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான அலசலும் கொக்கேன் பயன்பாட்டைக் குறைப்பதில் தெளிவான பலன் தந்தது இந்த ஊக்கப்பரிசு முறையே என்றது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2011 முதல் இதைப் பரவலாக்கியது. கலிபோர்னியா மாநிலம் 2023 முதல் தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே தருகிறது.

போதையை விட்டதற்குக் கூலியா, இது லஞ்சம் அல்லவா என்று கேட்கிறார்கள். கோபம் புரிகிறது, கேள்வி தவறு. தவறான செயலைச் செய்யத் தருவது லஞ்சம். இங்கே தரப்படுவது, உடனடி இன்பத்துக்கு மட்டுமே செவிசாய்க்கப் பழகிவிட்ட மூளைக்கு வேறோர் உடனடிப் பலன். கொக்கேன் சில நொடிகளில் கூலி தருகிறது. நல்ல வாழ்க்கையோ ஆண்டுகள் கழித்துத்தான் தரும். நடுவில் உள்ள பள்ளத்தை அறிவுரையால் மூட முடியாது என்பதைத்தான் அந்தச் சிறுநீர்க் குப்பியும் இரண்டரை டாலர் சீட்டும் காட்டின.

யாருக்கு இது போதாது? அமெரிக்காவின் 11 நகரங்களில் 55 சிகிச்சை மையங்களில் 1,605 கொக்கேன் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சிக்கல்கள் குறைவாக இருந்தவர்களுக்குப் புறநோயாளி சிகிச்சையே போதுமானதாக இருந்தது. குடி, மனநோய், வேலையின்மை, குற்ற வழக்கு, ஆதரவில்லாத நிலை என்று பல சிக்கல்கள் ஒன்றாக இறுகியவர்கள் 90 நாளோ அதற்கு மேலோ தங்கிச் சிகிச்சை பெற்றபோதுதான் நன்றாகத் தேறினார்கள். ஆகவே எத்தனை கிராம், எத்தனை ஆண்டு என்பதைவிட, அந்த மனிதரைச் சுற்றி வேறு என்னென்ன இருக்கின்றன என்பதே தீர்மானிக்கும் கேள்வி. தற்கொலை எண்ணம் வாய்விட்டு வந்தாலோ, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம் அடங்காமல் இருந்தாலோ சேர்க்கத்தான் வேண்டும். அதே வீட்டில் இன்னொருவர் பயன்படுத்தினாலோ, முறையான புறநோயாளி சிகிச்சை ஏற்கெனவே பலிக்காமல் போயிருந்தாலோ தயங்கக் கூடாது. நெஞ்சுவலி என்றால் யோசனையே வேண்டாம். கொக்கேன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு கூடுவதாக 1999இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்லாவற்றையும்விட நம் ஊரில் கவனிக்க வேண்டியது மது. இரண்டும் சேரும்போது கல்லீரலில் கொக்கேஎத்திலீன் என்ற இன்னொரு நஞ்சு உண்டாகி இதயத்தை வதைக்கிறது. தினமும் குடிப்பவர், தூக்க மாத்திரைக்குப் பழகியவர் ஆகியோருக்குக் கொக்கேனுக்காக அல்ல, அந்த மதுவையும் மாத்திரையையும் பத்திரமாக விடுவிப்பதற்காகவே சில நாள் கட்டில் தேவைப்படலாம். முதல் நாள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் மறைக்கப்படுவதும் இதுதான்.

கெட்ட சகவாசத்திலிருந்து பிரித்தால் போதும், கட்டாயப்படுத்தியாவது சேர்த்துவிடுகிறோம் என்று பெற்றோர் சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் ஆளை அனுப்பித் தூக்கிவரச் சொல்லி, அடைத்து, அடித்துத் திருத்தும் இடங்களுக்கு மகனை ஒப்படைப்பது சிகிச்சை ஆகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை விதிக்கிறது. அடித்துத் திருத்தும் இடத்தில் அடிபட்டு வந்தவர் அடுத்த முறை நல்ல மருத்துவரின் வாசலைக்கூட மிதிக்க மாட்டார். அந்த இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

சிகிச்சைக்குப் போனால் போலீஸில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் பலரைக் கடைசிவரை தடுத்து நிறுத்துகிறது. கொக்கேன் உட்கொள்வது போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன் 27ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசோ உள்ளாட்சி அமைப்போ அங்கீகரித்த நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்துவதிலிருந்து விலக்கு உண்டு. கொக்கேனுக்குச் சிறிய அளவு என்பது 2 கிராம். பாதியில் நிறுத்தினால் விலக்கு பறிபோகலாம். சேரப்போகும் இடம் அங்கீகாரம் பெற்றதா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்க வேண்டியது இதனால்தான்.

அமெரிக்க ஆய்வுகளை வைத்துக்கொண்டு இங்கே பேசலாமா என்பது நியாயமான கேள்வி. வாரம் மூன்று முறை பரிசோதனையும் பரிசுச் சீட்டும் நம் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பதில்லை. தென்காசியிலிருந்து ஒருவர் வாரம் மூன்று முறை சென்னைக்கு வர முடியாது. அவருக்குத் தங்கும் சிகிச்சையே நடைமுறை வழியாக இருக்கலாம். ஆனால் 1999இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. 487 புறநோயாளிகளிடம் நான்கு வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். உளவியல் நிபுணர்கள் தந்த நுட்பமான சிகிச்சைகளைவிட, எளிமையான போதை ஆலோசனையும் குழுக் கூட்டமும் சேர்ந்ததே முந்தியது. அந்தத் திறமை நம்மிடம் உண்டு. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய சென்னை டிடிகே மருத்துவமனை பல பத்தாண்டுகளாக ஆலோசகர்களை உருவாக்கி வந்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவப் பிரிவும் கைக்கெட்டும் தூரத்தில்தான். இவற்றோடு அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனையும் சிறு ஊக்கப்பரிசும் சேர்க்க அரசுக்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே தொடங்கலாம்.

இதில் நேரம் முக்கியம். விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே உதிப்பது, போதை இறங்கி உடம்பு துவண்டு கிடக்கும் அந்த மறுநாள் காலையில். மாலைக்குள் தூங்கியெழுந்து சாப்பிட்டால் பாதி கரைந்துவிடும். வார இறுதியில் இருந்த இடம் தெரியாது. தொலைபேசியில் கேட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள் நேரம் ஒதுக்கியபோது முதல் சந்திப்புக்கு வந்தவர்கள் கூடினார்கள், நாள் தள்ளத் தள்ளக் குறைந்தார்கள் என்பதைக் கொக்கேன் சிகிச்சை மையங்களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனை, எந்த நேரம், கூட யார் போவது என்பதையெல்லாம் வீட்டார் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும். தேசியப் போதைமீட்பு உதவி எண் 14446இல் கேட்டால் அருகிலுள்ள மையம் எது என்று சொல்வார்கள். அந்தக் காலை வரும்போது திட்டுவதற்குச் செலவழிக்கும் அரை மணி நேரத்தில் ஆட்டோ பிடித்துவிடலாம்.