குட்டைக்கரையிலேயே சோதனை வேண்டும்: இறால் வளர்ப்போரின் கோரிக்கைச் சாசனம்

தமிழகக் கடலோரத்தில் இறால் வளர்க்கும் நாங்கள், ஒன்றிய, மாநில அரசுகளுக்கும் அவற்றின் மீன்வள ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் இதைப் பொதுவில் முன்வைக்கிறோம்.

குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்துவிடும். 'இந்த அளவுவரை பாதகமில்லை' என்று வரம்பு கட்ட முடியாத மருந்து அது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் முதல், கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம் இருந்தாலே சரக்கை மறுக்கிறது. ஆயிரம் டன் இறாலில் 0.15 கிராம்! பொரிப்பகத்தில் கலந்ததா, லேபிள் இல்லாத மருந்து டப்பாவில் வந்ததா என்று வளர்ப்பவனுக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது இறால் உறைந்து பெட்டியில் ஏறியிருக்கும்.

பிடிப்பதற்கு முன்பே கண்டறிய வழி இருக்கிறது: மூலக்கூறு அச்சுப் பாலிமர். தேடும் மூலக்கூறைச் சுற்றி மெத்தக்ரிலிக் அமிலம் போன்ற பொருள்களைச் சேர்த்து இறுகவைத்து, பிறகு அந்த மூலக்கூறைக் கழுவி எடுத்துவிடுவார்கள். ஈரச் சிமெண்டில் கால்தடம் பதிவதுபோல அதன் வடிவில் குழி நிற்கும். இறால் சாற்றை இதன் வழியே விட்டால் கொழுப்பும் புரதமும் ஓடிவிடும், தேடியது தங்கும். ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் 1972-இல் இவ்வழியைக் காட்டினார். ஸ்வீடனின் கிளவுஸ் மோஸ்பாக் குழு, எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) இடத்தில் இதை வைத்தே மருந்தின் அளவை அறியலாம் என்று 1993-இல் நிறுவியது. எதிர்ப்புரதத்தால் சோதிக்கும் கிட்டுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும். மின்வெட்டும் சித்திரை வெயிலும் உள்ள எங்கள் ஊரில், சூடு தாங்கும் இந்தப் பாலிமரின் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

குளோராம்பெனிகாலைப் பிரிக்கும் பாலிமர் குழாய்கள் ஏற்கெனவே ஆய்வகங்களுக்கு விற்பனையாகின்றன. அவற்றை உள்நாட்டில், பொதுப்பணத்தில், காப்புரிமைப் பூட்டு இல்லாமல் தயாரிக்க வேண்டும். பாலிமர் பூசிய மின்முனையால் குட்டைக்கரையிலேயே முடிவு சொல்லும் கையடக்கக் கருவியை உருவாக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். இது எங்கள் முதன்மைக் கோரிக்கை.

அந்தக் கருவி எங்களை ஏமாற்றக் கூடாது. அச்சுக்கு வைத்த மூலக்கூறு முழுவதும் கழுவப்படாமல் பிறகு கசிந்தால், சுத்தமான இறாலும் குற்றவாளி ஆகிவிடும். ஆகவே அச்சுக்குக் குளோராம்பெனிகாலையே வைக்காமல், அதை ஒத்த வேறொரு மூலக்கூறை வைக்க வேண்டும்; எதை வைத்தார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். குளோராம்பெனிகாலுக்கு உருவில் நெருங்கிய ஃப்ளோர்ஃபெனிகால், தயாம்பெனிகால் ஆகிய மருந்துகள் அந்தக் குழியில் எவ்வளவு ஒட்டுகின்றன என்று அளந்து சொல்ல வேண்டும். வாலை வடித்த நீரில் வேலை செய்தது என்ற கட்டுரை எங்களுக்குப் போதாது. தண்ணீரே அந்தக் குழியின் பிடிப்பைத் தளர்த்தக்கூடியது என்பதால், சோதனை இறால் சதையிலும் உவர்நீரிலும் நடக்க வேண்டும். தவறிய முடிவுகளையும் சேர்த்துத் தமிழில் வெளியிடுங்கள்.

கரையில் 'இருக்கிறது' என்று காட்டினால் இறால் பிடிப்பை நிறுத்திவைக்க நாங்கள் சம்மதம். ஆனால் நிறைநிறமாலைமானியில் உறுதி செய்யாமல் எவருடைய பண்ணைப் பதிவையும் ரத்து செய்யக் கூடாது. உறுதியானால் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் மூலம்வரை தேடிப் போக வேண்டும். விசாரணை குட்டையோடு நின்றுவிடக் கூடாது.

பாலிமரைக் கழுவிய மெத்தனால் எங்கள் வாய்க்காலுக்கு வரக் கூடாது.

ஏற்றுமதிச் சரக்குக்கு உள்ள குளோராம்பெனிகால் சோதனை உள்ளூர் மீன் சந்தைக்கும் வேண்டும். வெளிநாட்டுக்கு ஆகாது என்று திரும்பிய இறால் நம் பிள்ளைகளின் தட்டுக்கு வராமலிருக்க, திரும்பிய ஒவ்வொரு சரக்கும் எங்கே போனது, எப்படி அழிக்கப்பட்டது என்ற விவரத்தை மக்கள் பார்வைக்கு வைக்கக் கோருகிறோம்.