மண்டரின் படிக்கட்டும், தமிழுக்கும் அரசு சம்பளம் குடுக்கட்டும்



கொலோனில் ஒரு தனியார் மொழிப் பள்ளியில், சனிக்கிழமைகளில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு நான் தொடக்கநிலை மண்டரின் படிப்பிக்கிறன். அதனால முதலே சொல்லிவிடுறன்: எனக்கு மண்டரினோட சண்டை இல்லை. 'மா' என்ற ஒரே அசையைத் தொனி மாற்றிச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டு எண்டு நாலு சொல் வரும். பிள்ளைகள் சிரிச்சுச் சிரிச்சே படிக்கும். என்ர சண்டை, மொழிகளை ஏணியில அடுக்கி வைக்கிற வர்க்க அரசியலோட.

வக்கீல் வீட்டுப் பிள்ளை ஆறு வயசில மண்டரின் தொடங்கினால் அதுக்குப் பெயர் எதிர்கால முதலீடு. தமிழோ துருக்கியோ குர்தியோ பேசிக்கொண்டு பள்ளிக்கு வாற பிள்ளைக்கு இதே நாட்டில ஒட்டுற பெயர் மொழிக் குறைபாடு. ரெண்டு பிள்ளையிட்டயும் ரெண்டு மொழி இருக்கு. ஒண்டு காசுக்கு வாங்கினது, மற்றது அம்மாவிட்ட இருந்து வந்தது.

இப்ப எங்கட பெற்றோரும் வருகினம். துப்புரவு வேலையிலும் உணவகச் சமையலறையிலும் உழைச்ச காசு அது. "தமிழ் வீட்டில பேசுறம்தானே, சைனீஸ்தான் நாளைக்குச் சோறு போடும்" எண்டு சொல்லுவினம். அவையைக் குறை சொல்ல மாட்டன்; அவையின்ர பயத்தை விக்கிற சந்தையைச் சொல்லுவன். சீனாவின் ஆரம்பப் பள்ளி ஆறு வருசம், தினமும் படிப்பிச்சு, ஏறக்குறைய 3000 எழுத்துகளை வாசிக்கப் பழக்குது. கிழமைக்கு ஒரு மணித்தியாலத்தில நான் குடுக்கக்கூடியது வணக்கம், எண்கள், நிறங்கள், கொஞ்ச எழுத்து.

இன்னொண்டும் இருக்கு. 'மனிதன்' என்பதற்கான மண்டரின் சொல்லின் முதல் ஒலி எங்கட ழகரத்துக்கு மிகக் கிட்ட. டொச் மட்டும் தெரிஞ்ச பிள்ளைக்கு அது நாக்கில சிக்கும். ழகரம் ஒழுங்காப் பழகின பிள்ளைக்குப் பாதி வேலை முடிஞ்சிருக்கும். தமிழை விட்டிட்டு வாற பிள்ளை இந்தச் சொத்தையும் வாசலில விட்டிட்டுத்தான் வருது.

ஏணியில சீனத் தொழிலாளரும் மேல இல்லை. சிங்கப்பூரைப் பாருங்கோ. 1979இல் லீ குவான் யூ தொடக்கிவைத்த 'மண்டரின் பேசுவோம்' இயக்கம், ஹொக்கியனும் தியோச்சுவும் கன்டனீசும் பேசின வீடுகளை மண்டரினுக்கு மாறச் சொன்னது. தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் அந்த மொழிகள் படிப்படியாக அகற்றப்பட்டன. பல வீடுகளில் பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் பேசப் பொதுமொழி இல்லாமல் போனது.

இந்த நகரத்திலயே என்ன நடந்தது? கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்தது. அதன் நூலகத்தில் ஏறக்குறைய 50,000 தமிழ் நூல்கள். நிதி இல்லையெண்டு மூடுற நிலை வந்தபோது, 2021இல் 1.25 கோடி ரூபாய் அறிவித்தது தமிழ்நாடு அரசு. வரி கட்டுறது இங்க, காசு வரவேண்டியிருந்தது சென்னையில இருந்து!

கேட்டால் கிடைக்கக்கூடியதும் இருக்கு. எங்கட நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில், பிறப்பு மொழி வகுப்பு அரசுப் பள்ளி முறைக்குள்ளேயே உண்டு. டொச்சில சுருக்கமா 'ஹா-எஸ்-ஊ' எண்டு சொல்லுவினம். ஏறக்குறைய 30 மொழிகளில் நடக்குது. ஆரம்பப் பள்ளி மட்டத்தில் 15 பிள்ளைகளும் தகுதியான ஆசிரியரும் இருந்தால் வகுப்பு அமைக்கலாம். கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் வரை. பெற்றோருக்குச் செலவில்லை. ஆசிரியருக்கு மாநிலம் சம்பளம் குடுக்கும்.

"எங்கட வார இறுதிப் பள்ளிகள் இருக்குத்தானே?" இருக்கு. அதைத் தூக்கிச் சுமக்கிறது பெரும்பாலும் கிழமை முழுக்க வேலை செய்து களைச்சுவாற, சம்பளமில்லாத அக்காமார். அந்த உழைப்புக்குச் 'சேவை' எண்டு மாலை போட்டு அரசைத் தப்பவிடுறது இடதுசாரி அரசியல் இல்லை.

ஆகவே வேலை இதுதான். எஹ்ரன்ஃபெல்ட், கால்க், மியூல்ஹைம், கோர்வைலர் எண்டு உங்கட பகுதியில இருக்கிற ஆரம்பப் பள்ளிகளில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் எண்டு எண்ணுங்கோ. ஒரு பள்ளியில 15 பேர் இல்லாட்டி பக்கத்துப் பள்ளிகளையும் சேருங்கோ. பள்ளி அலுவலகத்தில விண்ணப்பப் படிவம் கேட்டு, பெற்றோரோட இருந்து நிரப்பிக் குடுங்கோ. துருக்கி, குர்தித் தோழர்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ. சீன உணவகத்தில பாத்திரம் கழுவுறவரின்ர பிள்ளைக்கு மண்டரின் காசில்லாமக் கிடைக்கவேணும் எண்டும் அதே மூச்சில கேளுங்கோ. அந்த வகுப்பு வந்தால் என்ர சனிக்கிழமை வேலை குறையும். குறையட்டும்.